தம்பி வார்த்த மூடி

1

எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மார்கரெட் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் எலுமிச்சை கேக். "நாம் ஜெயித்து ஒரு வருஷம் ஆகிறது. யாஸ் வந்து கொஞ்ச நேரம் பேசினால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள்" என்றார்.

யாஸ் என்பது என் மகள் யாழினி. பதினேழு வயது. இந்த ஊர் வாய்களுக்கு ழகரம் வராது என்பதால் பெயரை அவளே பாதியாக வெட்டிக் கொடுத்துவிட்டாள். மார்கரெட்டின் குரல் கேட்டதும் மாடியில் அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. நான் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு, பரீட்சை நேரம் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

மார்கரெட் நல்லவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். இந்தக் கதையில் நடந்த கொடுமையில் பாதியை நல்லவர்கள்தான் செய்தார்கள்.

2

நான் பிறந்தது மண்ணூர்பேட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டின் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். நர்ஸிங் படித்து, சவுதி போய், அங்கிருந்து இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை. என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார்.

ஒருநாள் வேலைக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. குனிந்தேன். காலடியில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. புதியது. அதன் ஓரத்தில் இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுத்து, பக்கத்தில் நகத்தளவு ஒரு மயில். அந்த மயிலை நான் தம்பியின் சம்பளக் கவரில் பார்த்திருக்கிறேன். படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நிமிஷமே போன் வந்துவிட்டது.

"யக்கா! இது நம்ம கம்பெனி மயிலுக்கா! எங்க கீது இது?"

"எங்க தெருவுலடா. பஸ் ஸ்டாப்புகிட்ட."

"பாத்தியா, நானும் லண்டன் வந்துட்டேன்."

"இது லண்டன் இல்லடா."

"எல்லாம் ஒண்ணுதான். அத்த மிதிச்சிகினா டெய்லி போற? மிதி மிதி. தம்பி தலையில குட்ற மாறி நெனச்சிக்கோ."

என் தம்பி பெயர் டில்லிபாபு. ப்ளஸ் டூவில் தவறிய வருஷமே இரும்பு வார்க்கும் பவுண்டரியில் சேர்ந்தவன். மரப்பெட்டியில் மண்ணை இடித்து அச்சு எடுப்பான், உருகின இரும்பைக் கரண்டியில் தூக்கி வந்து ஊற்றுவான். அவனும் அவன் கூட்டாளி முருகேசனும் ஒரு ஜோடி. கரண்டியின் ஒரு பிடி இவனிடம், மறு பிடி அவனிடம். கம்பெனி முதலாளி இங்கே யாரோ ஏஜென்ட் மூலம் மூடிகளை அனுப்புகிறார் என்பது வரைக்கும் தம்பிக்குத் தெரியும். எந்த ஊர் என்பது தெரியாது. தெரிந்த அன்று, நான் அனுப்பிய படத்தைத் தெரு முழுக்கக் காட்டியிருக்கிறான்.

அவன் தெருவில் மூடி கிடையாது. போன வருஷ மழையில் உடைந்ததற்கு மாநகராட்சி வரவேயில்லை. குழியில் ஒரு முருங்கைக் கிளையைச் சொருகி அதில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்கள். "இன்னாடா, ஊருக்கெல்லாம் மூடி ஊத்தற, உன் தெருவுக்கு இல்லியா?" என்று கேட்டால், "எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்கா. நமக்குலாம் குடுக்க மாட்டாங்கோ" என்று சிரிப்பான்.

3

இந்த ஊரிலும் ஒருகாலத்தில் ஒரு பவுண்டரி இருந்தது. அதை இழுத்துப் பூட்டிப் பல வருஷம் ஆகிறது. அது வார்த்த பழைய மூடிகள் இன்னும் சில தெருக்களில் உண்டு. நட்சத்திரம், தேன்கூடு என்று விதவிதமான பூ வேலையோடு. வரலாற்றுக் கழகத்தார் சனிக்கிழமைகளில் கிளம்பிப் போய், மூடியின்மேல் தாளை விரித்துக் கறுப்பு மெழுகால் தேய்த்து அந்தப் பூவைத் தாளில் எடுத்துக்கொள்வார்கள். மார்கரெட்டின் தாத்தா அந்தப் பவுண்டரியில் வேலை செய்தவர். இரும்பு தெறித்து ஒரு கண் போனவர். கழகத்தின் சுவரில், ஒற்றைக் கண்ணோடு, கம்பீரமாக அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் இந்த ஊரின் பெருமை.

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்துக்காக யாழினி அந்தக் கழகத்தில் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை பஸ் நிறுத்தத்து மூடியைத் தாளில் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இது மாமா செஞ்சதா?" என்று தமிழில் கேட்டாள்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் மகள் சாம்பாரை "அந்த மஞ்சள்" என்று சொல்ல ஆரம்பித்து வெகுகாலம் ஆயிற்று. மண்ணூர்பேட்டையை "உங்க ஊர்" என்பாள். தாய்மாமனிடம் போன் கொடுத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடமே நீட்டுவாள். அவளாகவே மாமாவைப் பற்றிக் கேட்டது அன்றுதான். உடனே வீடியோவில் கூப்பிட்டேன்.

டில்லி அப்போது வேலையில் இருந்தான். உலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எடுத்தான். வெறுங்கால்.

"மாமா, ஏன் கால் போடலை?" என்றாள் யாழினி. ஷூவைச் சொல்ல வந்தவள்.

டில்லி விழுந்து விழுந்து சிரித்தான். "பொறக்கும்போதே போட்டு அனுப்ச்சிட்டாங்கோ பாப்பா!" பிறகு விளக்கினான். "ஷூ போட்டா, கங்கு உள்ள பூந்துச்சுன்னா கயட்ட முடியாது. வெறுங்காலுன்னா ஒதறிட்டு ஓடிடலாம்." கேமராவைக் கீழே காட்டினான். புறங்காலில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். "டெய்லி தீபாவளி பாப்பா நம்முளுக்கு."

யாழினி சிரிக்கவில்லை. "மாமா, நீங்க வேலை செய்றதை வீடியோ எடுத்து அனுப்புறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

டில்லிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனானாம். கரண்டியின் மறு பிடியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, முருகேசன்தான் வீடியோ எடுத்தான். இரும்பு ஊற்றுவது, பொறி தெறிப்பது, டில்லி காலை உதறுவது, பிறகு கேமராவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது. இடையிடையே முருகேசனின் குரல்: "ஈரோ மாறி கீற மச்சான்! இன்னொரு தபா ஊத்து!"

4

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டார்கள். என்னை மேடையில் உட்காரவைத்து, தம்பி பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். டில்லி மார்பளவு தெறிக்கும் பொறிகளுக்கு நடுவில் நின்று, "யாரும் பயப்படாதீங்கோ, நெருப்புக்கு நம்மள நல்லா தெரியும்" என்றான். அதைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "காட்டுமிராண்டித்தனம்" என்றது.

என் தம்பி திரையில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அப்போது யாழினி எழுந்தாள். அவள் ஆங்கிலத்தில் பேசினால் எனக்கே பொறாமையாக இருக்கும். நம் ஊர் நடைபாதையில் நாம் மிதிக்கிற இரும்பு இப்படித்தான் வருகிறது, வெறுங்காலோடு என் மாமா ஊற்றியதை நாம் விலை மலிவு என்று வாங்குகிறோம், நம் நகரக் கவுன்சில் இதை நிறுத்த வேண்டும் என்றாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்கரெட் அவளைக் கட்டிக்கொண்டார். சுவரில் அவருடைய தாத்தா ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணுக்காக யாரும் எந்தக் காலத்திலும் எந்த ஆர்டரையும் நிறுத்தச் சொன்னதில்லை. அவர் கண் போனது வரலாறு. என் தம்பி கால் வெந்தது குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஆர்டர் நின்னா மாமாவுக்கு வேலை போயிடும்டீ."

"போகாதும்மா. ஷூ கிடைக்கும்."

"உனக்கு அந்த ஊர் தெரியாது."

"அப்போ மாமா காலு வேகட்டும்கிறியா?"

தம்பியைக் கூப்பிட்டு எச்சரித்தேன். அவனோ, "நம்ம பாப்பா நம்மளுக்காவ பேசுது, வுடுக்கா" என்றான். உள்ளூர்ப் பத்திரிகையில் யாழினியின் படத்தோடு செய்தி வந்தது. டில்லி என்னை நச்சரித்து அதன் படத்தை வாங்கி, தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். அக்கா மகள், லண்டன், நம்ம கம்பெனி, என்று எழுதி மூன்று நெருப்பு எமோஜிகள். கம்பெனியில் எல்லாரும் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார்.

5

நான் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். ஆர்டரை நிறுத்தாதீர்கள், ஷூ கொடுக்கச் சொல்லி எழுதுங்கள், அது போதும் என்று கேட்பதற்காக. கவுன்ட்டரில் சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். நான் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரில் அடித்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். தமிழில் சொன்னால், "அப்படியானால் இதை நாங்கள் நிறுத்துவது உங்களுக்கு வேண்டாமா?"

"ஆமாம்" என்றேன்.

நம் பேச்சில், வேண்டாமா என்று கேட்டு ஆமாம் என்றால், ஆமாம் வேண்டாம். அவர்கள் பேச்சில் வேண்டாமா என்பதற்கு ஆமாம் என்றால், வேண்டும். இத்தனை வருஷம் இந்த ஊரில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, செத்தவர்களுக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அந்த ஏஜென்ட்டிடமிருந்து இனி மூடி வாங்குவதில்லை என்று முடிவு. "தொழிலாளி ஒருவரின் சகோதரியே நேரில் வந்து கேட்டுக்கொண்டதையும் கருத்தில் கொண்டு" என்று ஒரு வரி. ஓடினேன். அதே பெண், அதே மரியாதை. முடிவு எடுத்தாகிவிட்டது, உங்கள் அக்கறைக்கு நன்றி என்றாள். யாழினிக்குக் கழகம் ஒரு கேடயம் கொடுத்தது.

மயில் மூடிகளை எடுத்துவிட்டு வேறு மூடிகள் போட்டார்கள். அவற்றில் எந்த நாட்டுப் பெயரும் இல்லை. அவற்றை ஊற்றியவன் காலில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாழினியும் கேட்கவில்லை.

தம்பியிடம் கேட்டால், "ஆர்டர் கொஞ்சம் டல்லுக்கா" என்றான். அப்புறம், "வேற வேலைல கீறேன், நல்ல வேல" என்றான். வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதை விட்டுவிட்டான்.

6

டிசம்பரில் யாழினியும் நானும் ஊருக்குப் போனோம். மண்ணூர்பேட்டை வீட்டில் டில்லி இல்லை. அவன் மனைவி மஞ்சுளா, வேலையில் இருக்கிறார் என்று சொல்லி இடத்தைச் சொன்னாள். மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆட்டோ பிடித்தேன்.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் நீலச் சட்டை, தொப்பி, பெல்ட்டோடு என் தம்பி. சட்டை அவனுக்குப் பெரிது. என்னைப் பார்த்ததும் ஓடிவரப் போனவன், இரண்டடி வைத்து நின்றுவிட்டான். கேட்டை விட்டு நகரக் கூடாது போலிருக்கிறது.

"வாக்கா. எளச்சிட்ட."

"நீதான்டா."

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் கம்பெனி அட்டை. கண்ணாடியை இறக்கி, "வாட்ச்மேன், கேட்டைத் திறக்காம என்ன கதை? யார் இவங்க?" என்றான்.

"அக்கா சார்."

"டூட்டி டைம்ல சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னு குரூப்ல போட்டிருக்கோமே. உனக்குத் தனியா சொல்லணுமா?"

"சாரி சார்."

டில்லி கேட்டைத் திறந்து, காலை ஒட்டி வைத்து, சல்யூட் அடித்தான். கொதிக்கும் இரும்பைத் தூக்கிக்கொண்டு ஈரோ மாதிரி நடந்தவன். கார் போனதும் என்னைப் பார்க்காமல், "வூட்டுக்குப் போக்கா. சாயங்காலம் வரேன்" என்றான்.

7

நடந்ததை மஞ்சுளாதான் சொன்னாள். வெங்காயம் அரிந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். யாழினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆர்டர் கேன்சல் ஆச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு மொதலாளி எல்லாரையும் கேட்டாண்ட நிக்க வெச்சாரு. ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியாந்து இவருகிட்ட குடுத்து, இந்தாடா, உன் அக்கா பொண்ணு கேட்ட ஷூ, எல்லாரும் பாக்க போட்டுக்கன்னு சொன்னாரு. போட்டாரு. இப்ப இப்டியே வூட்டுக்கு நடந்து போ, இனிமே வராதன்னாரு. முருகேசன் அண்ணன், இன்னும் நாலஞ்சு பேரு, எல்லாரையும் அன்னிக்கே நிறுத்திட்டாங்கோ. மிச்சம் கீறவங்க இன்னும் வெறுங்காலோடதான் ஊத்தறாங்கோ, உள்ளூரு ஆர்டருக்கு. கூலியும் கம்மி பண்ட்டாங்கோ."

"மஞ்சு…" என்றேன்.

"இருங்கக்கா. முருகேசன் அண்ணன் பொண்டாட்டி நம்ம வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சு. தெருவே வேடிக்க பாத்துச்சு. நம்ம பொண்ணு கீர்த்தனா ஃபர்ஸ்ட் இயரு காலேஜி. பாதில நிறுத்தியாச்சு. துணி கம்பெனிக்குப் போவுது. உங்க பொண்ணுக்குப் பேப்பர்ல படம் வர்றதுக்கு எங்க அடுப்புதான் கெடச்சுதா?"

யாழினிக்கு அந்த வேகத்துத் தமிழ் பாதிதான் பிடிபட்டது. தன்னைப் பற்றிய பேச்சு என்பது மட்டும் புரிந்தது. என் கையைத் தொட்டு, அத்தை என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இதமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். தாய்க்கு அது கஷ்டமில்லை. ஆனால் மஞ்சுளா வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் சொன்னேன். பூட்ஸை, மண்ணை, காலேஜை, கடைசியாக அடுப்பை. பாதியில் என் மகள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

யாழினி சொன்னாள், அதுவும் ஆங்கிலத்தில். "ஆனால் அது தப்பும்மா. அவரை வெறுங்காலோடு நிற்க வைத்தது தப்புதானே?"

"இன்னா சொல்லுது?" என்றாள் மஞ்சுளா.

சொன்னேன்.

மஞ்சுளா சிரித்தாள். "தப்புதான். யாரு இல்லன்னா?" வெங்காயத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டில்லி வந்தான். கையில் பாடிக் கடைத்தெருவிலிருந்து வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலம். "பாப்பா, மாமன் உனுக்கு இன்னா வாங்கினு வந்துகீறேன் பாரு" என்று குரலை உயர்த்தினான். யாரும் எழுந்து வராததைப் பார்த்து மனைவி முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "சொல்லிட்டியா?" என்று மஞ்சுளாவை அடிக்கக் கை ஓங்கினான். நான் நடுவில் போனேன். கை அப்படியே இறங்கி, பொட்டலத்தைத் தரையில் வைத்தது. அன்று ராத்திரி அதை யாரும் பிரிக்கவில்லை.

8

கீர்த்தனாவும் யாழினியும் ஒரே வயது. சின்ன வயதில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே அறை. இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். யாழினி ஏதேதோ கேட்டாள். கீர்த்தனா ம், ம் என்றாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

காலையில் கீர்த்தனா கிளம்பினாள். கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கழுத்தில் அடையாள அட்டை. யாழினியும் அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வேன் வரைக்கும் வரேன், கீர்த்தி."

"வேணா."

"ஏன்?"

கீர்த்தனா செருப்பை மாட்டிக்கொண்டே, யாழினிக்குப் புரியும்படி நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். "வேன்ல முருகேசன் மாமா பொண்ணு வருவா. உன்னைக் காட்டி, யாருன்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"கஸின்னு சொல்லு."

"அதான் சொல்ல முடியாது."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீர்த்தனா சிவப்புத் துணி கட்டிய முருங்கைக் கிளையைச் சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். வேன் வந்தது. உள்ளே இருந்த ஒரு பெண் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கீர்த்தனா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்ற யாழினியைக் கையால் சுட்டி ஏதோ கேட்டாள். கீர்த்தனா இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள், தெரியாது என்பதுபோல.